அக்காவுக்குக் கல்லூரி பார்த்தோம்

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்காகப் பெரியவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு வெளியூர் போனார்கள் என்றால் அது மாப்பிள்ளை வீடு பார்க்கத்தான் இருக்கும். வேறு காரணம் அதுவரை ஏற்பட்டதே இல்லை. அதனால், கர்நாடகாவில் ஒரு கல்லூரியில் படிக்க என் அக்கா விண்ணப்பித்து, வெளிமாநில மாணவர்கள் சேர்வதற்கு முன் பெற்றோருடன் வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று அந்தக் கல்லூரியும் சொன்னபோது, எங்கள் வீட்டில் யாரும் குழம்பவில்லை. பொறுப்பைப் பெரியப்பாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். குடும்பத்தின் அத்தனை சம்பந்தங்களையும் பேசி முடித்தவர் அவர்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. பெருங்களத்தூரில் ஏரிக்குக் கீழே எங்கள் வீடு. ஒரு காலத்தில் அது எங்கள் நெல்வயல். பயிர் போய் வீடு வந்த சேதி தண்ணீருக்குத் தெரியாது போலும். ஒரு பெருமழையின்போது பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்து கூடத்தில் நின்றுவிட்டது. எல்லோரும் மாடியில் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அக்கா மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் படியை எப்போது தொட்டது என்று கரித்துண்டால் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவளை விடவில்லை. நீரியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதைத்தான் படிப்பேன் என்று பிளஸ் டூ முடிந்ததும் ஒற்றைக்காலில் நின்றாள்.

பெரியப்பாவுக்கு அது பிடிபடவில்லை.

"இங்க இல்லாத காலேஜா? தாம்பரத்தத் தாண்டி ஒரு கல்ல வுட்டா ஏதோ ஒரு காலேஜ் மேலதான் வுழும். அத்த வுட்டுட்டு ஸ்டேட்டு தாண்டி இன்னாத்துக்குப் போவணும்?"

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. எங்கள் தெருமுனைக்கே ஒரு கல்லூரியின் பஸ் வந்து நிற்கும். அங்கே அக்காவுக்கு ஓர் இடமும் சொல்லி வைத்திருந்தார்கள். கர்நாடகா சரிவராவிட்டால் அடுத்த வாரமே அந்த பஸ்ஸில் ஏறிவிட வேண்டியது என்று ஏற்பாடு. அப்பா சிமெண்ட் கடை வைத்திருந்தார். கடையில் குரல் உயர்த்துவார், வீட்டில் அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார். "பெரியப்பா பாத்துட்டு சரின்னா எனக்கும் சரி" என்று மட்டும் அக்காவிடம் சொன்னார். அக்காவின் படிப்பு அந்த ஒரு நாள் பயணத்தில் தொங்கியது.

பெரியப்பா தமக்குத் தெரிந்த முறைப்படி காரியத்தில் இறங்கினார். கல்லூரி சொன்ன நாள் நவமியாக இருந்தது. அதற்கு அவர் கண்ட பரிகாரம், முதல்நாளே நல்ல நேரத்தில் ஒரு காலிப் பையைக் காரில் ஏற்றி வைப்பது. பை புறப்பட்டுவிட்டால் பயணம் புறப்பட்டதாகத்தான் கணக்காம். முதல் தடவை போகும்போது தட்டு வரிசை கூடாது, வெறுங்கையோடும் போகக் கூடாது என்று ஆப்பிள், வாழைப்பழம், மைசூர்பாகு, இரண்டு முழம் மல்லிகைப் பூ. பூவை யாரிடம் கொடுப்பது என்று சித்தப்பா கேட்டதற்கு, "அங்க ஒரு அம்மா இல்லாமயா பூடுவாங்க" என்றார்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஓர் உத்தரவு போட்டார். அங்கே யாரும் ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்முன் அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். தண்ணீர், காப்பி வரைக்கும் போகலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், பிறகு பேச்சு மாறக் கூடாது. இதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்று என் காதில் விழுந்தது அங்கே சாப்பிடக் கூடாது என்பது மட்டும்தான். அம்மா புளிசோறு கட்டித் தருவதாகச் சொன்னதால் எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

போகிறவர்கள் பெரியப்பா, அப்பா, கார் ஓட்டச் சித்தப்பா. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்று நான்காவதாக என்னைச் சேர்த்தார்கள். கணக்குச் சரிக்கட்டத்தான் என்றாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடியில் கண்ணாடிமுன் நின்று இங்கிலீஷில் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொண்டிருந்த அக்காவிடம் ஓடினேன். அவளுடைய நீலச் சுடிதார் இஸ்திரி போட்டுக் கட்டிலில் விரித்திருந்தது.

"உன் காலேஜுக்கு நானும் போறேன். பெரியப்பா, அப்பா, சித்தப்பா, நான். நாலு பேரு."

"அப்ப நான்?" என்றாள் அக்கா.

அந்தக் கேள்வி அதுவரை யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணை அழைத்துப் போகிற வழக்கம் எங்கே இருக்கிறது? பெரியப்பாவிடம் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அக்கா கீழே வந்து கேட்டபோது அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"நீ இன்னாத்துக்கும்மா? நாங்க பாத்துட்டு வந்து எப்டிக் கீதுன்னு சொல்லப் போறோம்."

அக்கா முதலில் சிரித்தாள். அவர் விளையாடவில்லை என்று தெரிந்ததும் அவள் உதடு கோணிக்கொண்டு போனது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளைப் பார்த்தார். அப்போது சமையலறையிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். அம்மா பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள், அவள் சொல்ல வேண்டியதை நான்தான் ஏந்திக்கொண்டு போவேன். அன்றைக்கு அவள் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லுடி. எனக்காக இந்த வூட்டப் பாக்க எங்க அண்ணனுங்க ஒரு வேன் நிறைய ஆளுங்களக் கூட்டிட்டு வந்தாங்க. நல்ல வூடு, காத்தோட்டமான வூடுன்னு வந்து சொன்னாங்க. மழைக்குத் தண்ணி உள்ள வரும்னு ஒருத்தருக்கும் தோணல. என்னையும் கூட்டிட்டு வந்திருந்தா, ஏரி எந்தப் பக்கம்னாவது நான் கேட்டிருப்பேன்."

நான் கடமை தவறாமல் பெரியப்பாவின் முன்னால் போய் நின்றேன். "பெரியப்பா, அம்மா இன்னா சொல்றாங்கன்னா..."

"வுழுந்துச்சு, வுழுந்துச்சு. நீ சும்மா இரு" என்றார். மீசையைத் தடவினார். "சரி, பொண்ணும் வரட்டும். ஆனா நாங்கதான் பேசுவோம்."

விடிவதற்கு வெகுமுன்பே கிளம்பினோம். அம்மா பெரிய எவர்சில்வர் தூக்கில் புளிசோற்றை அழுத்தி நிரப்பி, என் காலடியில் வைத்தாள். அக்காவின் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துவிட்டு, கார் திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெங்களூரையும் தாண்டி, வெயில் ஏறிய பிறகு கல்லூரி வந்தது. பெரியப்பா உள்ளே போக விடவில்லை. எதிரிலிருந்த டீக்கடையில் காரை நிறுத்தச் சொன்னார். மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் கேட்கக் கூடாது, எதிர்வீட்டில் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நல்லவேளையாகக் கடைக்காரர் கிருஷ்ணகிரிக்காரர்.

"குடும்பம் எப்டிப்பா? நல்ல மாதிரியா?" என்றார் பெரியப்பா.

"எந்தக் குடும்பம் சார்?"

"தோ, இந்தக் காலேஜுதான்."

கடைக்காரர் சற்று யோசித்தார். "வம்பு தும்பு ஒண்ணும் இல்ல சார். வெளியூருப் புள்ளைங்கதான் நிறைய. மழை பேஞ்சா எல்லாரும் உள்ள ஓடுவாங்க இல்ல, இதுங்க குடையப் புடிச்சிக்கிட்டு வெளிய ஓடி வந்து எதையோ அளக்குதுங்க."

பெரியப்பா திரும்பி அக்காவைப் பார்த்தார். "உன் ஆளுங்கதான்" என்றார்.

உள்ளே எங்களைப்போல இன்னும் சில குடும்பங்கள் வந்திருந்தன. யார் கையிலும் பழக்கூடை இல்லை. எங்களைச் சுற்றிக் காட்டிய பேராசிரியை எங்கள் கூடையைக் கொஞ்சமும் சிரிக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மல்லிகையை அங்கேயே தலையில் வைத்துக்கொண்டார். பெரியப்பா என் அப்பாவைப் பெருமையோடு ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு கூடத்தில், கண்ணாடிச் சுவர் வைத்து, வாய்க்காலைப்போல நீளமாக ஒரு தொட்டி இருந்தது. அதில் தண்ணீர் ஓடியது. பேராசிரியை ஒரு மரத்துண்டைக் காட்டி, இதைக் குறுக்கே வைத்தால் தண்ணீர் எங்கே ஏறும் என்று வந்திருந்த பிள்ளைகளைக் கேட்டார். சுற்றிலும் கான்வென்ட் பிள்ளைகள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நாங்கதான் பேசுவோம் என்று சொன்ன பெரியப்பா பேசாமல் நின்றார். அக்கா பேசினாள். முதல் வாக்கியம் தடுக்கியது, இரண்டாவதில் இலக்கணம் தப்பியிருக்கும், அதற்குப் பிறகு அவள் கண்ணாடிமுன் ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். கையை நீட்டி, தொட்டியின் பின்பக்கத்தைக் காட்டி, ஏதோ மதிலைப்போல வரைந்து காட்டிப் பேசிக்கொண்டே போனாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

அப்பா மெதுவாகச் சித்தப்பாவின் தோளைத் தொட்டார். "இன்னாடா சொல்றா?"

"நம்ம தெருவப் பத்திச் சொல்றாண்ணா. முனையில புது அபார்ட்மெண்டுக்கு மதில் எழுப்பினாங்க இல்ல, அதனாலதான் நம்ம வூட்டுப் பக்கம் தண்ணி ஏறிச்சின்றா. முன்னால அடைச்சா பின்னாலதான் ஏறுமாம்."

"நம்ம தெருவப் பத்தியா?" என்றார் அப்பா.

பேராசிரியை மரத்துண்டை வைத்தார். அக்கா காட்டிய இடத்தில்தான் தண்ணீர் ஏறியது. அங்கிருந்த யாரைவிடவும் என் அக்கா உயரம் என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அந்த எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அப்பா தொட்டியைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் எல்லோரையும் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்தார்கள். பெரியப்பா கும்பிட்டு, கையில் சாப்பாடு இருக்கிறது என்றார். வெளியே வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, தூக்கின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருந்தோம். கை கழுவப் போனவர் திரும்பவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

அப்பா மாணவர்களோடு வரிசையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சோறும் சாம்பாரும் வாங்கிக்கொண்டு ஒரு நீளப் பலகையில் போய் உட்கார்ந்தார்.

"அப்பா, இங்க சாப்பிடக் கூடாது. பெரியப்பா சொன்னாரு" என்றேன்.

"தெரியும்டா கண்ணு" என்றார். சோற்றைப் பிசைந்து முதல் வாயை எடுத்து வைத்தார்.

நான் போய்ச் சொல்லவும் பெரியப்பா வேகமாக வந்தார். வாசற்படியில் நின்றுவிட்டார். பின்னாலேயே அக்கா. அப்பா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. அண்ணன் எதிரில் அவர் உட்கார்ந்தபடி இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இன்னா, கை நனைச்சிட்டியா?"

"ஆமாண்ணா."

பெரியப்பா அந்தத் தட்டைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனார். தட்டோடு வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சாம்பார்ல வெல்லம் போடறானுங்க. பொண்ணு எளைச்சிப் பூடும்" என்றார். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். சித்தப்பாவும் தட்டோடு வந்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. தூங்காமல் அம்மா செய்த சோறு மரத்தடியில் கிடக்கிறது, இவர்கள் ஊரான் வீட்டு வெல்லச் சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் காருக்குப் போய் அம்மாவுக்காகத் தனியாக உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டேன். என்னால் முடிந்தது ஒரு மூடி.

நல்ல சேதியோ கெட்ட சேதியோ, போனில் சொல்லக் கூடாது, காலையில் குளித்துவிட்டு நேரில்தான் சொல்ல வேண்டும் என்பதும் பெரியப்பாவின் முறைதான். வீடு வந்து சேரும்போது அக்கா பாதித் தூக்கத்தில் நடந்து போய்ப் படுத்துவிட்டாள். அம்மா எல்லோர் முகத்தையும் பார்த்தாள், யாரையும் கேட்கவில்லை.

காலையில் முதலில் எழுந்தது நான். அம்மா சமையலறையில் அந்தத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்படியே இருக்கே. யாரும் சாப்பிடலையா?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். "அப்பா அங்கயே சாப்ட்டாரும்மா. நான் வேணாம்னு சொன்னேன், கேக்கல. அவரப் பாத்து எல்லாரும் சாப்ட்டாங்க. நான் மட்டும்தான் உன் சோறு சாப்ட்டேன்."

அம்மாவின் கை அப்படியே நின்றது. குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தாள். "கையால சாப்ட்டாரா, ஸ்பூனாலயா? நல்லா நெனவுபடுத்திச் சொல்லு."

"கையாலதான். நல்லாப் பெசஞ்சு."

அப்பாவுக்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்து நின்றேன். அம்மா என்னை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். மளமளவென்று தலைவாரி முடிந்துகொண்டு, அடுப்பைப் பற்றவைத்து, கடுகும் வேர்க்கடலையும் புதிதாகத் தாளித்து அந்தப் பழைய சோற்றில் கொட்டிக் கிளறினாள். பூஜைக்கு எடுக்கும் நல்ல தட்டுகளை இறக்கி, ஒவ்வொன்றிலும் வாழை இலை நறுக்கை வைத்து, அதன்மேல் சோற்றைக் குவித்து, தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்துவிட்டு வா என்றாள். எனக்கு மானம் போயிற்று. நேற்று மிஞ்சிய சோற்றை யாராவது தெரு முழுக்கக் கொடுப்பார்களா? அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன்.

மறுத்துப் பேச முடியாத முகமாக இருந்தது அவள் முகம். தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் வீட்டு அக்கா இலையையும் வேர்க்கடலையையும் பார்த்துவிட்டு, "இன்னாடி, வூட்ல எதுனா விசேஷமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றேன் நான். "எங்கப்பா சாப்பிடல. அதான் மிஞ்சிப் போச்சு."