பிரஷ் அக்கா காட்டிய பள்ளம்

செருப்பின் அடியைத் தேய்க்காதவர் சக்கரவர்த்தியே ஆனாலும் பிரஷ் அக்கா காட்டுக்குள் விடமாட்டார். ஒரு தடவை சக்கரவர்த்தியே வந்துவிட்டார். தகரக் கிரீடம், தரையைப் பெருக்கும் அங்கி, இடுப்பில் அட்டை வாள். "மகாராஜா, காலைத் தூக்குங்க" என்று அக்கா பிரஷ்ஷை நீட்டினார். வேறு ஊர் மண்ணோடு ஒட்டிவரும் ஒரே ஒரு விதை போதும், களை இந்தக் காட்டையே தின்றுவிடும் என்பது அவர் கட்சி. மகாராஜா வாளைக் கீழே வைத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்று தேய்த்தார்.

ரசிகர்களை இப்படி வேஷம் கட்டி வரவழைக்கும் அந்த மாயாஜாலப் படம் வந்து ஏழு வருடம் ஆகிறது. அதில் ஒரு காட்சி. பாசி மூடிய பள்ளத்தில் இளவரசி மண்டியிட, பாறை கதவாகத் திறக்கும். மொத்தம் ஐந்து நிமிடம் வரும். அந்த ஐந்து நிமிடத்துக்காக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் புறப்பட்டு வருகிறார்கள். காட்டுக்குள் வண்டி கிடையாது. அடிவாரத்திலிருந்து சைக்கிள், அதன் பிறகு நடை. தண்ணீர் அவரவர் குடுவையில், குப்பை அவரவர் பையில். சைக்கிள்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் அக்காவின் வீட்டுக்காரர். வழிகாட்டி அக்கா.

இடத்தைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னதும் அக்காதான். படப்பிடிப்பு நடந்த இரண்டு வாரமும் காட்டுச் சாலையை அடைத்துவிட்டார்கள். ஊர்க்காரர் ஒருவராலும் எட்டிப் பார்க்க முடியவில்லை. அப்போது அக்கா மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். படம் வந்ததும் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஒரு வளைந்த பாறையை அடையாளமாக வைத்துக்கொண்டு காடெல்லாம் அலைந்தார். கடைசியில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளத்தில் போய் நின்று, "இதேதான்!" என்று போட்டோ போட்டார். போட்டோ காட்டுத்தீயாகப் பரவியது. கூட்டம் வந்தது, கூடவே இந்த வேலையும் வந்தது.

வந்த கூட்டம் பார்த்துவிட்டுச் சும்மா போகுமா? ஆளாளுக்கு இளவரசி மாதிரி மண்டியிட்டார்கள். ஞாபகத்துக்கு என்று ஆளுக்கொரு பிடி பாசியைக் கிள்ளிப் பையில் போட்டார்கள். இரண்டே வருடத்தில் பச்சை போய்ச் சேறும் வேரும்தான் மிஞ்சின. ஒருநாள் அக்கா அங்கே நின்று வாய்விட்டு அழுதார்.

"நான்தாங்க கூட்டிட்டு வந்தேன். நானே மிதிச்சுக் கொன்னுட்டேன்."

"அழுதா முளைச்சிடுமா?" என்றார் வீட்டுக்காரர். "ஆக வேண்டியதைப் பாரு."

ஆக வேண்டியது என்று அக்கா பார்த்தது ஒரு பச்சைப் பொய். ஓடைக்கு இந்தப் பக்கம் இன்னொரு பள்ளம் இருந்தது. பாறைகள் கொஞ்சம் குட்டை. மற்றபடி அச்சு அசலாக அதே மாதிரி. அங்கே மண்ணைத் தொடாமல் உயரமாகப் பலகைப் பாதை போட்டு, இரு பக்கமும் கயிறு கட்டி, தடவைக்கு எட்டுப் பேர் என்று கூட்டிப்போய், "இளவரசி மண்டியிட்டது இங்கதாங்க" என்று காட்டத் தொடங்கினார். பழைய போட்டோவை வைத்துக்கொண்டு யாராவது மல்லுக்கு நின்றால், "முதல்ல தப்பாச் சொல்லிட்டோங்க, அப்புறம்தான் தெரிஞ்சுது" என்று சமாளித்துவிடுவார். வெள்ளத்தில் போன ஓடைப் பாலத்தை மறுபடி போடவும் விடவில்லை.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அக்கா பொருந்தத்தான் சொன்னார். ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? விஷயம் தெரிந்த ஒருவர் வந்து வாயைத் திறந்தால் அன்றோடு வேலை போய்விடும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். மறுநாளே கூட்டம் ஓடையைத் தாண்டிவிடும். அங்கே நாலு வருடம் கழித்து இப்போதுதான் பச்சை பிடித்திருந்தது.

அப்படி ஒருவர் வந்தேவிட்டார். அறுபதைத் தாண்டிய மனிதர், முழங்காலில் பட்டை. அங்கியும் இல்லை, கேமராவும் இல்லை. செருப்பைத் தேய்த்துக்கொண்டே, "நான் இந்தப் படத்துல தச்சு வேலை செஞ்சவன்மா. அந்தப் பாறைக் கதவு என் கைவேலை" என்றார் சாவகாசமாக.

அக்கா அவர் முகத்தைப் பார்க்காமலே பிரஷ்ஷைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வழிநெடுகக் காளானைப் பற்றியே பேசிக்கொண்டு போனார். கேட்காத காளானுக்கெல்லாம் விளக்கம் கொடுத்தார். பள்ளத்துக்கு வந்ததும் மற்ற ஏழு பேரும் பலகைமேல் நின்று படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். தச்சர் மட்டும் பாறைகளை மேலும் கீழும் பார்த்தபடி நின்றார். இனித் தாங்காது என்று அக்கா அவரை ஓரமாக அழைத்தார்.

"ஐயா, உங்ககிட்ட மறைச்சுப் பிரயோஜனமில்ல. இது அந்த இடமில்ல. நிஜ இடம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கு. மிதிச்சே நாசம் பண்ணிட்டோம். இப்பதான் கொஞ்சம் துளிர்க்குது. கையெடுத்துக் கும்பிடுறேன், இவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

தச்சர் விழித்தார். "அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் நாங்க போகவே இல்லையேம்மா."

அவர் பட்டை போட்ட காலை நீட்டிப் பலகையில் உட்கார்ந்தார். கயிற்றுக்கு அடியில் கையை விட்டு, ஒரு குட்டைப் பாறையின் அடிவயிற்றைத் தடவி, நகத்தால் எதையோ நெம்பினார். கட்டைவிரல் பருமனில், பாறை நிறம் பூசிய ஒரு மரத்துண்டு கையோடு வந்தது. அது இருந்த இடத்தில் பாறைக்குள் வட்டமாக ஒரு துளை.

"கதவைத் தாங்கின போல்ட்டுக்குப் போட்ட ஓட்டை. கிளம்பும்போது நான்தான் அடைச்சேன். கேமராவைத் தரையில வெச்சு எடுத்தாங்க, அதான் குட்டைப் பாறையும் மலை மாதிரி தெரியுது. நீங்க சரியாத்தான்மா காட்டுறீங்க!"

தச்சர் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருடப் பயம் ஒரு நொடியில் இறங்கியது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் எந்த இளவரசியும் மண்டியிடவில்லை. அத்தனை ஆயிரம் கால்கள் அதை மிதித்தது, மருந்துக்கடைக்காரி ஒருத்தி விரலை நீட்டிவிட்டதால் மட்டும்தான்.

"ஒரு வார்த்தை முன்னாடியே வந்து சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" என்றார் அக்கா.

"எங்களை யாரும்மா கேட்டாங்க?" என்றார் தச்சர். "பேட்டியெல்லாம் இளவரசிகிட்டதானே எடுத்தாங்க."

அவர் மரத்துண்டைத் திரும்பத் துளைக்குள் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். பலகைமேலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, நிஜமாவே இதேதானே அந்த இடம்?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பார்.