பச்சைத் தடமும் மார்கழிக் கோலமும்

எங்கள் தெருவில் சைக்கிளுக்கென்று அரசாங்கம் தனித் தடம் போட்டபோது முத்தியால்பேட்டையே சிரித்தது. வீட்டு வாசல்களை ஒட்டிச் சாலையோரம் முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடித்து, நடுநடுவே வெள்ளையில் சைக்கிள் படம் வரைந்தார்கள். நடந்து போங்கள், சைக்கிளில் போங்கள் என்று ஒரு பலகையும் நட்டார்கள். "கொழாயில தண்ணி வரல, ரோட்டுக்கு மேக்கப் போட காசு இருக்குது" என்றார்கள் டீக்கடையில். திறந்துவைக்க வந்தவர் காரில் வந்து இறங்கி, தெரு திரும்பும் வளைவு வரை சைக்கிள் மிதித்து, அங்கே காத்திருந்த அதே காரில் ஏறிப் போனார்.

எங்கள் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அக்கா பத்தாவது முடித்திருந்தாள். அதற்கு மேல் படிக்க நகரத்துக்குள் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். அவளுக்குக் கிடைத்த இலவச சைக்கிள், வீட்டு முன்கட்டில் அத்தா நடத்திய மெத்தைக் கடையில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே உறை பிரிக்காமல் நின்றது. அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவுக்குப் பயம். பஸ் என்றால் பயம், தண்ணீர் லாரி என்றால் பயம், பைக்கில் பறக்கும் பையன்கள் என்றால் இன்னும் பயம். பச்சைத் தடம் வந்த பிறகுதான் இறங்கி வந்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"பச்சைய வுட்டு ஒரு நாள் வெளிய வந்தாலும் சைக்கிள் பரணுக்குப் போயிடும். நீ வீட்டோட இருந்துக்க வேண்டியதுதான்."

அக்கா தலையாட்டினாள். கடை வாசலில் நின்றால் வளைவு வரை தெரியும். தினமும் காலையில் அத்தா வேலையை நிறுத்திவிட்டு, அவள் முதுகு மறையும் வரை பார்ப்பார். பக்கத்தில் நின்று நானும் என் பங்குக்குக் கவலைப்படுவேன். அந்த விஷயத்தில் நான் அவர் மகள். பின்னாளில் எட்டாவதோடு நான் படிப்பை விட்டதும் யாரும் தடுத்து அல்ல, இந்தப் பயத்தால்தான்.

மார்கழி வரை ஒன்றும் நடக்கவில்லை. மார்கழி பிறந்ததும் கோலங்கள் இறங்கின. மேடும் பள்ளமுமான தரையில் காலமெல்லாம் புள்ளி வைத்த பெண்களுக்கு இப்படி ஒரு வழவழப்பான பச்சைப் பலகை அதுவரை கிடைத்ததில்லை. வெள்ளை மாவு அதில் அப்படி எடுத்துக் காட்டியது. ஒரு வீட்டுத் தாமரை அடுத்த வீட்டுத் தேரைத் தொட்டது. மிதிக்க மனசு வராமல், நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பஸ் போகும் சாலையில் இறங்கிப் போனார்கள். கோலம் போடாத எங்கள் வாசலில் மட்டும்தான் தடம் தடமாக இருந்தது.

மார்கழி முதல் நாளே அக்கா எங்கள் வாசலைத் தாண்டியதும் சாலையில் இறங்கினாள். கோலம் விட்ட இடத்தில் தடத்தில் ஏறினாள், மறுபடி இறங்கினாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே அவளை உரசினாற்போல் போனது. அத்தா பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பரணில் ஏணி சாத்தினார்.

"கோலத்து மேல எப்பிடி ஏத்துறது, அத்தா?" என்றாள் அக்கா. "பக்கத்து வீட்டம்மா இடுப்பப் புடிச்சிக்கிட்டு அப்பதான் நிமுந்தாங்க."

காலையில் தொழுதுவிட்டு வந்தபோது அத்தாவும் சாலையில் இறங்கித்தான் நடந்திருந்தார். ஆனாலும் சைக்கிள் மேலே போனது. சாக்குத் தேடிக்கொண்டிருந்தவருக்குச் சாக்குக் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அக்கா புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அரிசி களைந்தாள்.

மறுநாள் விடியற்காலை, பள்ளிவாசலிலிருந்து வந்த அத்தா பக்கத்து வீட்டு வாசலில் நின்றுவிட்டார். சண்டைதான் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தெருப் பெண்களிடம் அவர் நிமிர்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"கொஞ்சம் எடம் வுட்டுப் போடுங்கம்மா," என்றார் தரையைப் பார்த்து. "பொண்ணு படிக்கப் போவணும்."

"பாய்க்கு வாய் இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது," என்றாள் அந்தம்மா. "எவ்ளோ வுடணும்?"

"ஒரு மொழம் போதும்."

"ஒரு மொழத்துல ஓட்ட ஒங்க பொண்ணு என்ன சர்க்கஸ்லயா இருக்குது? ரெண்டு மொழம் வுடறேன், போங்க."

அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல் என்று தொப்பியைக் கழற்றாமல், தலையை நிமிர்த்தாமல் வளைவு வரை போனார். ஒரு வீட்டில் மயில் கோலம் முடிந்து, தோகை தடத்தை அடைத்திருந்தது. அந்தப் பெண் யோசிக்கவே இல்லை, முந்தானையால் தோகையைத் துடைத்தாள். "வால் போனா மொளச்சிக்கும் பாய். புள்ள போவட்டும்."

திரும்பி வந்து அத்தாவே சைக்கிளை இறக்கினார். டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, பையை எடுத்து அக்காவின் தோளில் மாட்டினார்.

கோலங்களுக்கு நடுவே ஒரு பச்சைச் சந்து வளைவு வரை நீண்டு கிடந்தது. அக்கா அதில் ஒரு இடத்திலும் இறங்காமல் போய் மறைந்தாள்.

"அதான் போயிட்டாளே, உள்ள வாங்கத்தா," என்றேன்.

அவர் உடனே வரவில்லை. வந்து உட்கார்ந்தவருக்கு, மெத்தை தைக்கும் அந்தப் பெரிய ஊசியின் காதில் நூல் நுழையவில்லை. கண் வாசலுக்கே போய்க்கொண்டிருந்தது. என்னிடம் நீட்டினார். கோத்துக் கொடுத்தேன்.

இவ்வளவு பயம் இருக்கிறவர் சைக்கிளை ஏன் இறக்கினார் என்று எனக்கு விளங்கவில்லை. பயந்தவர்கள் கதவைச் சாத்துவார்கள் என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும்.