வாயால் சொல்லாத பெயர்

திருத்தணியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்த புதிதில், 1987-இல், அங்கே பாடம் நடத்தியவள் கோமளவல்லி. பகலில் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். மாலையில் தறியிலிருந்தும் கடையிலிருந்தும் எழுந்து வருகிறவர்கள். அவளுக்கு மாலை வகுப்பு என்றால் உயிர். முதலாளி மணவாளனுக்கு அது வீண் கரண்ட் செலவு.

கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை அடுத்தவர் கை வைக்காமல் காப்பதுதான் அவள் ஆசையாக நடத்திய பாடம். முதல் நாள் எல்லோரையும் ஆளுக்கொரு பாஸ்வேர்டு போடச் சொன்னாள். பிறகு தானே ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஆண்கள் அத்தனை பேரும் முருகனையே போட்டிருந்தார்கள்.

"மலைக்குக் கீழ இருந்துகினு முருகான்னு பூட்டு போட்டா, திருடன் கன்னத்துல போட்டுகினு உள்ள வருவான்."

பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்யும் ரத்தினம்மாள் மட்டும் தைரியமாக உட்கார்ந்திருந்தாள். கோமளவல்லி அவள் புருஷன் பெயரை அடித்தாள். பச்சையப்பன். திறந்துகொண்டது.

"அவரு பேர நான் வாயால சொன்னதே இல்லீங்களே டீச்சர்."

"நீங்க சொல்லலன்னா என்னக்கா, ஊரே சொல்லுதே."

அந்த வருஷம் பொதட்டூர்பேட்டை நெசவாளர் சங்கம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. அதில் கணக்கு எழுத மாலை வகுப்பிலிருந்தே ஆள் எடுக்கலாம் என்றார் தலைவர் வீரபத்திரன். ஆனால் முதலில் ஒருவர் கூலிக் கணக்கைப் பூட்ட வேண்டும், சங்கத்தார் அதைத் திறக்கப் பார்ப்பார்கள். திறந்துவிட்டால் மாலை வகுப்புக்கே மூடுவிழா என்று மணவாளன் சொல்லிவிட்டார். கோமளவல்லி ரத்தினம்மாளை அனுப்பினாள்.

சங்கத்தார் முருகனை எல்லாப் பெயரிலும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். புருஷன், பிள்ளைகள், வீட்டுப் பசு வரை அடித்துப் பார்த்தார்கள். திறக்கவில்லை. கடைசியில் வீரபத்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் பச்சையப்பனுக்கு அண்ணன். ரத்தினம்மாள் அவர் எதிரில் நிமிர்ந்து பேசியதே கிடையாது.

"எனக்கு மட்டும் சொல்லும்மா."

ரத்தினம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள். "தப்பா நெனைக்காதீங்க பாவா. சொல்ல மாட்டேங்க."

குடும்பத்தில் சண்டை வருமோ என்று பயந்து கோமளவல்லி அவளருகே போனாள். "அக்கா, எங்கிட்ட வேணா சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கும் கெடையாது டீச்சர்."

வீரபத்திரன்தான் முதலில் சிரித்தார். "ஆங், இந்தம்மாவே இருக்கட்டும்."

மாலை வகுப்பு நிலைத்தது. நல்லா படிச்ச ஸ்டூடன்ட் யாரு டீச்சர் என்று பின்னாளில் யார் கேட்டாலும் கோமளவல்லி நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாள்: "எனக்கே சொல்ல மாட்டேன்னவங்க."