வலது கையால் வாங்குங்கள்!

போன வாரம் ஒரு பாவம் செய்தேன். அதுவும் மைக் பிடித்து, எண்பது பேர் முன்னிலையில்.

சமயநல்லூர் தாண்டி ஒரு ஃபேக்டரி. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து வண்டி பாகங்கள் செய்கிறார்கள். பாதுகாப்பு வார விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஏன் நான்? எப்போதோ இந்தப் பக்கத்தில் ஹெல்மெட் பற்றிப் புலம்பியிருந்தேன். அது போதுமே... உடனே எக்ஸ்பர்ட் ஆக்கிவிட்டார்கள்!

வாசலிலேயே ஆளுயரப் பலகை. ‘விபத்தில்லா நாட்கள் – 365’. அதற்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். ஒரு வருடம் முழுக்க விபத்தே இல்லையென்றால் ஆளுக்கொரு பிரஷர் குக்கர் என்று நிர்வாகம் சொல்லியிருந்ததாம். எவ்வளவு நல்ல யோசனை என்று என் பேச்சில் பாராட்டினேன். கைதட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது.

பிறகு, என் கையால் குக்கர் வாங்க செக்‌ஷனுக்கு ஒருவராக மேடைக்கு அழைத்தார்கள். பிரஸ் செக்‌ஷன் சார்பில் தவமணி வந்தார்; தகட்டை அச்சில் அழுத்தி வளைக்கிற மெஷினில் நிற்பவர். எழுமலைப் பக்கம், முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டபடியே வந்தவர், குக்கருக்கு இடது கையை நீட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. இது என்ன மரியாதை? சரி, சிரிப்பாகவே சொல்லிவைப்போம் என்று மைக்கிலேயே ஆரம்பித்தேன் – “தம்பி, பாக்கெட்டுல என்ன புதையலா வெச்சிருக்கீங்க? நல்ல நாளும் அதுவுமா, வலது கையால வாங்குங்க!”

ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மேனேஜர் மட்டும் அவசரமாகச் சிரித்தார். தவமணி தலையைக் குனிந்து, இடது கையாலேயே குக்கரை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார். திமிர் பிடித்தவர் என்று மனதுக்குள் முத்திரையும் குத்திவிட்டேன்.

விழா முடிந்தது. என்னை அழைத்து வந்த கார், விழாவுக்கு வந்திருந்த ஹெட் ஆபீஸ்காரர்களோடு போய்விட்டதால், என்னை பைக்கில் பஸ் ஸ்டாப்பில் விட ரசூல் வந்தார். தவமணிக்கு அடுத்த மெஷினில் நிற்பவர். இறக்கிவிட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

“மேடம், மைக்குல நீங்க அப்புடிச் சொன்னதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. பாக்கெட்டுக்குள்ள இருந்தது கட்டுப் போட்ட கை மேடம். ரெண்டு வெரலு நுனி போச்சு.”

“எப்போ?”

“நாலு நாளைக்கு முன்ன.”

அப்படியென்றால்... அன்றைக்குப் பலகையில் 361!

ரசூல் விளக்கினார். தவமணியின் மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்டாது, அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் வேலை வேகமாக ஓட வேண்டுமே? ஒரு பட்டனில் குச்சியைச் செருகி டேப் ஒட்டிவிட்டால் ஒற்றைக் கையால் ஓட்டலாம், மற்ற கையால் தகட்டை மாற்றலாம். அப்படி மாற்றும்போதுதான் தவமணியின் விரல்கள் மாட்டியிருக்கின்றன. சூப்பர்வைசருக்கும் இது தெரியும்.

“யாருமே கேக்கலையா?”

“தவமணியே ஒருதடவ கேட்டான் மேடம், குச்சிய எடுத்துருவோம்னு. ‘வேல பாக்க வந்தியா, சட்டம் பேச வந்தியா’ன்னு சூப்பர்வைசர் சத்தம் போட்டாரு. அதோட விட்டுட்டோம்.”

“சரி, அடிபட்ட பிறகாவது சொல்லியிருக்கலாமே?”

ரசூல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மறைக்கச் சொன்னதே நாந்தான் மேடம். ‘நாலே நாளு பொறுத்துக்க மாப்ள, ஒன்னால அம்புட்டு பேரு குக்கரும் போயிரும், காலம்பூரா வைவாய்ங்க’ன்னேன். ஆஸ்பத்திரியில, வீட்டுக் கதவுல நசுங்கிருச்சுன்னு சொல்லி எழுதவச்சோம். மேனேஜர் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டாரு. இன்னைக்கு வரலைன்னா ஹெட் ஆபீஸ்ல கேப்பாகன்னு மேடையில வேற ஏத்திவிட்டோம். அல்லா என்னைய மன்னிக்கவே மாட்டான்.”

மிரட்டி மறைத்திருந்தால் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருப்பார். இங்கே கூட்டாளியே கெஞ்சி மறைத்திருக்கிறார். விபத்து நடக்காததற்கா நான் பரிசு கொடுத்தேன்? வெளியே தெரியாததற்கு அல்லவா கொடுத்திருக்கிறேன்! அடிபட்டவர் வலியோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமக்கிற இடத்தில் எந்தப் பலகை, எந்த ஸ்லோகன், எந்தச் சிறப்பு விருந்தினர் என்ன கிழித்துவிட முடியும்? ஏதாவது மாறும் என்று உங்களுக்கு ஆறுதலாக எழுத ஆசைதான். எனக்கே நம்பிக்கை இல்லை.

மறுநாள் மேனேஜருக்கு போன் செய்தேன். “அது அவர் வீட்டுல நடந்தது மேடம், ஆஸ்பத்திரி பேப்பரே இருக்கு” என்றார். குச்சி? “அப்படி எதுவும் இல்லையே மேடம்!”

ரசூலிடம் நம்பர் வாங்கித் தவமணியிடம் பேசினேன். புகார் கொடுங்கள், நான் கூட வருகிறேன் என்றேன்.

“வேணாங்க்கா. புகாருன்னு போனா ரசூலையும்ல இழுப்பாய்ங்க. நீங்க எழுதணும்னா ஆளையும் ஊரையும் மாத்தி எழுதிக்கங்க. கை ஆறுனதும் அதே மெஷினுக்குத்தான் போறேன்.”

மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

“அந்தக் குச்சி?” என்றேன்.

“அது அங்கனயேதான் இருக்கு.”

மேடையில் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“அக்கா... நல்ல நாளும் அதுவுமா ஒங்ககிட்ட இடது கையால வாங்கிட்டேன். தப்பா எடுத்துக்காதீக, மன்னிச்சுக்கங்க.”

இத்தனை பேரில் முதலில் மன்னிப்புக் கேட்டவர், விரல் போனவர்!