கஞ்சி ஊட்டும் படம்

ஜெசிந்தா அக்கா காலமான செய்தி நம் ஆலய வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் அம்மாவின் மாத்திரைகளுக்காக மருந்தகத்தில் காத்திருந்தேன். செய்திக்குக் கீழே அவர் வரைந்த ஓவியம் ஒன்றையும் யாரோ போட்டிருந்தார்கள். மகள் ஒருத்தி முதிய தாய்க்குக் கஞ்சி ஊட்டும் படம். அந்த மகள் நான்தான் என்று என் பெயரையும் எழுதியிருந்தார்கள். உங்களில் பலர் என்னை வாழ்த்தியிருந்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அக்காவும் ஒரே அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் குமாஸ்தாக்களாக இருந்தோம். பாக்கார் ஆராங்கில் அவர் வீட்டு முன்னறைச் சுவர் முழுவதும் அவர் வரைந்த குடும்பப் படங்கள். ஒன்றில், கோலா கெத்தில் ஊர்த் தோட்டத்து வீட்டு வாசலில் ஓர் அப்பா மகளுக்குப் பேன் பார்ப்பார். இன்னொன்றில் மூன்று பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் கால் நீட்டி வீட்டுப்பாடம் எழுதுவார்கள். படங்களில் இருப்பவர்கள் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு நினைவு தவறத் தொடங்கிய பிறகு, அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு சீராகும்.

மாலையில் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்விடுவேன். ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தது ஒரு மணி நேரமாகும். அதற்குள் சமையலறையில் அம்மாவுக்கு ஊட்டி முடித்திருப்பவர் அக்கா. ஒருநாள் அம்மா கஞ்சியை அவர் மேல் துப்பிவிட்டார். “தொட்டுக்க சம்பல் இல்லன்னு கோவமாம்மா?” என்று அக்கா சிரிப்பது கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

பிறகு ஆலய மண்டபத்தில் அவர் படங்களைப் பார்வைக்கு வைத்தார்கள். கஞ்சி ஊட்டும் படத்தில், ஊட்டும் பெண்ணுக்கு என் முகம். வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். அக்கா பக்கத்திலேயே நின்றார். நான் எல்லாருக்கும் நன்றி சொன்னேன். கூட்டம் கலைந்ததும், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

“நான் இல்லாதப்ப நீதானே ஊட்டப் போற. மூஞ்சிய முன்னாடியே போட்டு வச்சிட்டேன்லா. மூக்கை மட்டும் கொஞ்சம் கூராக்கியிருக்கேன், சும்மா வச்சுக்க.”

படத்தையும் எனக்கே கொடுத்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படும் இடமாகப் பார்த்து அதை மாட்டினேன்.

அக்காவின் அடக்கத்துக்கு மறுநாள் அம்மாவுக்கு நானே ஊட்டினேன். மூன்று வாய்க்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. அவசரப்படுத்தியிருக்கிறேன். கிண்ணத்தை வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் அதில் என் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். கரண்டி தாயின் வாயருகே இல்லை. கிண்ணத்துக்கு மேலேயே நிற்கிறது. தாய் விழுங்கி முடிக்கட்டும் என்று நிற்கிறது.

அந்த முகத்துக்காக இனி யாரும் என்னை வாழ்த்த வேண்டாம். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, காத்திருக்கும் அந்தக் கையை மட்டும்.