மொரீஷியஸ் ஜெயித்த அன்று நெய்த புடவை

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தறிக்குழியில் ஒரு வாசனை வரும்... ஈர மண்ணும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும் கலந்த வாசனை. அதோடு சேர்ந்து எனக்கு மைக் செட் சத்தமும் ஞாபகம் வரும்.

"மொரீஷியஸ் கோல் கீப்பர் வேலு... பந்த கையில வச்சிக்கினு நிக்கிறாரு..."

சிரிக்காதீர்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில்தான் அந்த மொரீஷியஸ் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் தெருக்காரர் ஒருவரின் சொந்தக்காரர் மொரீஷியஸிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வந்திருந்தார். வந்தவர் ஒரு தோல் பந்தைக் கொடுத்து, அங்கே பக்கத்துப் பக்கத்துத் தீவுகள் ஒன்றோடொன்று மோதும் ஃபுட்பால் போட்டியைப் பற்றி நாள் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்... எங்கள் ஆட்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

தெரு டீம் மொரீஷியஸ் ஆனது. சுற்றுவட்டார ஊர் டீம்களுக்கும் பேர் வைத்தோம்: பெரிய ஏரி இருக்கிறதென்று தென்னேரிக்கு மடகாஸ்கர். திருப்புட்குழிக்கு செஷல்ஸ். கூரத்துக்கு ரீயூனியன்.

நான் கூரத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம். பிறந்த வீடு ரீயூனியன், புகுந்த வீடு மொரீஷியஸ். கோல் கீப்பர் வேலு என் வீட்டுக்காரர். எதிர் டீமில் ஃபார்வர்டு என் அண்ணன் தனபால்.

அமாவாசைக்கு அமாவாசைதான் மேட்ச். அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் தறி ஓடாது. மாசம் ஒரு ஆட்டமாக நகர்ந்து ஃபைனல் வந்தது. யாருக்கும் யாருக்கும்? மொரீஷியஸுக்கும் ரீயூனியனுக்கும். என் பாட்டைக் கேட்கவேண்டுமா...

ஃபைனலில் பாதி ஆட்டத்திலேயே பிடித்தது பாருங்கள் மழை, வேகவதிக் கரை மைதானம் குளமாகிவிட்டது. அடுத்த அமாவாசைக்குத் தள்ளினால் கூரத்தில் நடவு வந்துவிடும். "நாளைக்கே மொதல்லருந்து ஆடிடலாம்பா" என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நாளைக்குத் தறி நாள் ஆயிற்றே... எங்கள் தறியில் ஒரு கல்யாணப் புடவை முக்கால் முழம் பாக்கி. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மெட்ராஸிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். எங்களுக்குப் பாவு கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளி காலையிலேயே வாசலில் வந்து நின்றார்.

"வேலு, பொழுது சாயறதுக்குள்ள பொடவ எறங்கணும். இல்லன்னா அடுத்த பாவு வேற தறிக்குப் போய்டும்பா."

பாவு வராவிட்டால் தறி சும்மா கிடக்கும், வீடும் சும்மா கிடக்கும். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து நெய்தார். மதியம் வரைக்கும் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"எழுந்துக்கோங்க. நான் அடிக்கிறேன்."

"கை மாறினா துணி காட்டிக் குடுத்துடும்மா."

உண்மைதான். நூலை நெருக்கப் பலகையை இழுத்து அடிக்கிற அடி ஆளுக்கு ஆள் வேறு. ஒரு கை நெய்ததில் இன்னொரு கை பட்டால் அந்த இடம் பட்டையாகத் தெரியும். ஆனால் ஒரு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நெய்ய நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுத்தவள் நான். அவருடைய அடி என் காதிலேயே இருந்தது. கொஞ்சம் அடித்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார், விரலால் தடவினார்... எழுந்து ஓடினார்.

'எங்கண்ணன் இடது பக்கம்தான் அடிப்பான்' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ரீயூனியனுக்கும் நான் நியாயமாக இருக்க வேண்டாமா?

அவர் இடத்தில் நான். என் இடத்தில் நாத்தனார் சாந்தா. மைக் செட் தெருமுனை வரை கத்துகிறது. பந்து எங்கள் கோல் பக்கம் போகும்போதெல்லாம் கை பறக்கப் பார்க்கும், இழுத்துப் பிடிப்பேன். ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியப்போகிற நேரம்...

"ரீயூனியனுக்கு பெனால்ட்டி... தனபால் வந்துக்கினு இருக்காரு... கோல்ல நம்ம வேலு..."

அதோடு மைக் நின்றுவிட்டது. பேசிக்கொண்டிருந்தவன் மைக்கைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடிவிட்டான், படுபாவி. பிறகு ஒரு பெரிய கூச்சல். யார் பக்கத்துக் கூச்சல் என்று எப்படித் தெரியும்?

"அண்ணி, நிறுத்தாதீங்க" என்றாள் சாந்தா. நிறுத்தவில்லை.

மூச்சு வாங்க மைக்குக்குத் திரும்பி வந்தான் மைக்காரன். "புடிச்சுட்டாம்பா... வேலு புடிச்சுட்டான்."

அடுத்த கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்கள் இன்னொரு கோல் போட்டார்கள். மொரீஷியஸ் சாம்பியன். வீட்டுக்காரருக்காகச் சிரித்துக்கொண்டும் அண்ணனை நினைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டும் மிச்சத்தை நெய்து முடித்தேன்.

விளக்கு வைக்க முதலாளி வந்தார். புடவையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே போன விரல் ஓர் இடத்தில் நின்றது.

"வேலு, கண்ணுக்குத் தெரியல, கைக்குத் தெரியுது. இங்க ரெண்டு அடி மட்டும் அழுத்தமா வுழுந்துகீதே. இன்னா ஆச்சு?"

வந்ததுமே நான் சொல்லியிருந்ததால், முழங்கால் வரை சேறோடு நின்றிருந்த என் வீட்டுக்காரர் சொன்னார்: "அது பெனால்ட்டி, மொதலாளி. மத்தியானத்துலருந்து அடிச்சது நான் இல்ல... இவ."

முதலாளி மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தடவினார். கை மாறிய இடம் அகப்படவில்லை. "எங்க மாறிச்சுன்னு நீயே சொல்லும்மா" என்றார். நான் சொல்லவில்லை. ஜெயித்த கோப்பையை என் வீட்டுக்காரர் கையில் வைத்திருந்தாலும், அன்றைக்கு அந்த வீட்டில் என்னைவிடப் பெருமையாக நின்றவர் யாருமில்லை. அடுத்த பாவு எங்கள் தறிக்கே வந்தது.

இப்போது எந்தத் தீவு ஆடினாலும் உட்கார்ந்த இடத்தில் செல்போனில் பார்க்கலாம். போன வாரம் மகன் மொரீஷியஸ் மேட்ச் ஒன்று போட்டுக் காட்டினான். ஒரு கோலை எத்தனை பக்கத்திலிருந்து திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள்...

எங்களுக்கு அதெல்லாம் ஏது? ஒரு ஃபோட்டோகூட இல்லை. அதனால் மச்சானும் மாப்பிள்ளையும் இன்றைக்கும் சண்டை. "பாஞ்சு புடிச்சேன்" என்கிறார் இவர். "நேரா அவர் மேலதான் அடிச்சேன்" என்கிறான் அண்ணன்.

நான் எதிலும் தலையிடுவதில்லை. மெட்ராஸில் ஏதோ ஒரு வீட்டு பீரோவில் அந்தப் புடவை இருக்கும். கடைசி முக்கால் முழத்தில் விரல் வைத்துத் தடவினால் அழுத்தமாக விழுந்த ரெண்டு அடி தட்டுப்படும். அது நான் அடித்தது.