நான் சேர்த்த ஏழு நிமிடம்

டார்ச்சுக்கு செல் வாங்கப் போயிருந்தேன். கொடைக்கானல் பஜாரில் காதர் பாய் கடை. மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பாய் செல்லை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வழக்கமாக அரை மணி நேரம் அரசியல் பேசாமல் விடமாட்டார். அன்றைக்கு அரசியலைக் காணோம்.

"சார்... நீங்க பேட்டரி கதை ஒண்ணு எழுதுனீங்கல்ல, அது இப்ப மேல்மலை ஊர்கள்ல எல்லார் போன்லயும் சுத்துது."

எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம்! வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன். எழுதுகிறவன் புத்தி அப்படி.

"அப்படியா! என்ன பேசிக்கிறாங்க?"

"என்னத்தச் சொல்ல... கிளாவரையில ஒரு கல்யாணச் சோலி கெடக்கு சார். நம்ம தண்டபாணிதான் தாய்மாமன் சீர் செய்யறதா இருந்துச்சு. இப்ப நீங்க வர வேணாம்னு பொண்ணு வீட்டுலருந்து சொல்லி விட்டுட்டாங்களாம். எல்லாம் நீங்க எழுதுனதப் படிச்சுட்டுத்தான்."

செல்லைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். குடையைக் கடையிலேயே வைத்துவிட்டது பாதி வழியில்தான் தெரிந்தது.

என் பைத்தியம் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். நடந்த சரித்திரத்தை மாற்றி எழுதுகிற நாவல்கள். அதிலும் யுத்தமும் விஞ்ஞானமும் கலந்திருந்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மதராஸ் கடற்கரையில் எதிரிப் படை இறங்கும். வருங்காலத்திலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் அம்மாள் இயந்திர யானைகள் செய்து அதை விரட்டுவாள். முப்பதாவது பக்கத்துக்குள் பத்து லட்சம் பேர் காலி. நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்புவேன்.

இந்த நாவல்களுக்கென்று ஒரு இலக்கணம் உண்டு. சரித்திரத்தில் ஒரே ஒரு இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு தளபதிக்குக் காய்ச்சல்... ஒரு பாலம் உடைந்தது... ஒரு தூதுவன் வழி தவறினான். அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றினால் போதும், உலகமே வேறு. படிக்கிற ருசியே அங்கேதான் இருக்கிறது. நாலு வருடம் படித்தால் உங்களுக்கும் கண் அப்படியே பழகிவிடும். எங்கே பார்த்தாலும் 'திருப்பம் எங்கே, திருப்பம் எங்கே' என்று தேடும்.

இப்போது தண்டபாணி அண்ணன். மன்னவனூரில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். (பெயரையும் ஊர்களையும் இந்தத் தடவை மாற்றித்தான் போட்டிருக்கிறேன். புத்தி வந்துவிட்டது, தாமதமாக.) விவசாயத்துக்கு முன்னால் ராணுவத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தார். வியாழக்கிழமைதோறும் கொடைக்கானலுக்கு வருவார். சாயந்திர பஸ் வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்து நான் படித்த நாவலைக் கதையாகச் சொல்வேன். கேட்பார். கேட்டுவிட்டு மானத்தை வாங்குவார்.

"அந்த யானைக்கெல்லாம் டீசல் யாரு சார் கொண்டாந்தா?"

"அது வருங்காலத்து யானைண்ணே..."

"இருக்கட்டும் சார். சண்டையில மொதல்ல தீந்துபோறது டீசலும் சோறுந்தான். அத எழுதாம என்னத்த எழுதுறாங்க?"

இப்படித்தான் ஒரு வியாழக்கிழமை, பனிமலையில் நடக்கிற சண்டை நாவல் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வயர்லெஸ் என்றதும் சிரித்தார். பனியில் மனுஷனுக்கு முன்னால் சாவது பேட்டரிதான் என்றார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"சட்டைக்குள்ள வச்சு நெஞ்சுச் சூட்டுலதான் சார் அத உசுரோட வச்சிருப்போம். அன்னிக்கும் அப்படித்தான். மேல இருக்குறவங்கள வெரசா எறங்கச் சொல்லுன்னு ஆபீசர் நேர்ல வந்து உத்தரவு போட்டுட்டாரு. வயர்லெஸ் செட்டு பேச மாட்டேங்குது. பேட்டரியக் கழட்டிச் சூடு பண்ணி, மாட்டி, கூப்புடறதுக்குள்ள... குண்டு விழுந்துருச்சு."

மூன்று பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவர் கிளாவரைக்காரர். அண்ணனோடு ஒரே பஸ்ஸில் மலை இறங்கி, ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்த சிநேகிதர்.

இதைக் கேட்ட மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இன்னொரு டீ சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டேன் — "எவ்வளவு நேரம்ணே லேட்டாச்சு?"

"கொஞ்ச நேரந்தான் சார்."

திருப்பம் கிடைத்துவிட்டது! அந்த வாரமே இந்தப் பக்கத்தில் எழுதினேன். வருங்காலத்திலிருந்து ஒருவன் பனியில் சாகாத பேட்டரியோடு வருகிறான். செய்தி சரியான நேரத்தில் போகிறது. மூன்று பேரும் ஊர் திரும்பிப் பூண்டு போடுகிறார்கள். 'கொஞ்ச நேரம்' என்பது கதைக்கு எடுபடாது என்பதால் 'ஏழு நிமிடம்' என்று போட்டேன். ஏன் ஏழு? காதுக்கு நன்றாக இருந்தது... அவ்வளவுதான். அவருடைய பெயரைப் போடவில்லை. 'மன்னவனூரில் பூண்டு போடும் முன்னாள் வயர்லெஸ்காரர்' என்று மட்டும் எழுதினேன். சென்னையில் உட்கார்ந்து படிப்பவருக்கு அது யாரோ ஒருவர். மலையில் அப்படி ஒரே ஒருவர்தான் இருக்கிறார்.

இறந்துபோன கிளாவரைக்காரரின் மனைவி பெயர் பாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். செய்தி வந்தபோது கையில் பெண் குழந்தை. பாக்கியத்துக்குக் கூடப் பிறந்த ஆண் யாரும் கிடையாது. அந்த இடத்தில்தான் அண்ணன் வந்து நின்றார். அவர் மடியில் வைத்துத்தான் அந்தக் குழந்தைக்குக் காது குத்தினார்கள். பெரியவளானபோது சீர் கொண்டு போனவரும் அவர்தான். இப்போது அந்தப் பெண்ணுக்குத்தான் கல்யாணம். பட்டும் தட்டும் வாங்கி வீட்டில் அடுக்கி வைத்திருந்தாராம்.

மறுநாள் வெள்ளனே கிளாவரைக்கு பஸ் ஏறினேன். நான் கெடுத்ததை நானே சரிசெய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

பாக்கியம் வாசலில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "உக்காருங்க சார்" என்று சொல்லி உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அது சும்மா கற்பனைங்க. வெளையாட்டா எழுதினது" என்று ஆரம்பித்தேன்.

"எது சார் கற்பனை? பேட்டரி கொண்டாந்த ஆளா, அந்த ஏழு நிமிசமா?"

"ரெண்டும்தாங்க. ஏழுன்னு அவர் சொல்லவே இல்ல. நானாப் போட்டது."

"அப்ப எத்தன நிமிசம்?"

தெரியாது என்றேன். அவர் மறுபடி குனிந்து கேரட்டைக் கழுவ ஆரம்பித்தார்.

"லேட்டானதுக்கு எனக்கு அவரு மேல கோவம் இல்ல சார். பனியில பேட்டரி போனா அவருதான் என்ன பண்ணுவாரு? ஆனா எங்க வீட்டுக்காரரு தெவசத்துக்கு வருசம் தவறாம வந்து இந்தா இங்கதான் உக்காந்து சாப்புடுறாரு. என்கிட்ட ஒரு வார்த்த சொன்னாரா? உங்ககிட்ட டீக்கடையில கதை பேசுறப்ப சொல்லிருக்காரு. அத நான் பேப்பர்ல படிக்கணும். மாப்பிள வீட்டுல படிச்சுட்டு, இவருதான் தாய்மாமனான்னு கேக்கணும்... அவுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நான் வேணா மாப்பிள்ளை வீட்டுல பேசிப் பாக்கட்டுங்களா?"

"வேணாம் சார். நீங்க பேசுனவரைக்கும் போதும்."

காப்பியைக் குடித்து முடித்தேன். குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து வரக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது. தூரத்துச் சொந்தம் ஒருவர் தாய்மாமன் இடத்தில் நின்று சீர் செய்தாராம். அன்றைக்கு முழுக்கத் தண்டபாணி அண்ணன் பூண்டுக் காட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று காதர் பாய் சொன்னார். என் குடையை எடுத்துக் கொடுக்கும்போது சொன்னார். வழக்கம்போல உட்காரச் சொல்லவில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை அண்ணன் டீக்கடைக்கு வருவாரா என்று எனக்கு நிச்சயமில்லை. வந்தார். பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன், ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாமல் கேட்டேன்.

"விடுங்க சார். நீங்க ஒரு தடவ எழுதுனீங்க. நான் இத்தன வருசமா உள்ளுக்குள்ள அதத்தான் மாத்தி மாத்தி எழுதிக்கிட்டுக் கெடக்கேன். ஒரு தடவ ரெண்டாவது பேட்டரி இருக்கும். ஒரு தடவ செட்டு ஒடனே பேசிரும். ஒரு தடவ செட்டத் தூக்கிப் போட்டுட்டு நானே மேல ஓடிப் போய்க் கூப்புட்டுருவேன். வருங்காலத்து ஆளெல்லாம் யாரும் வந்ததில்ல."

"அந்தம்மாகிட்ட ஏண்ணே சொல்லல?"

"மொத வருசம் தைரியம் வரல. அப்புறம் அந்தப் புள்ள மாமான்னு கூப்புட ஆரம்பிச்சுருச்சு."

பஸ் வந்து நின்றது. அவர் உடனே எழுந்துவிடவில்லை. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். கேட்டுவிட்டு எழுதுவது இந்தப் பக்கத்தில் இதுதான் முதல் தடவை.

"எழுதுங்க. இனிமே மறைக்க என்ன இருக்கு?" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு நடந்தவர் திரும்பினார். "சார்... உங்களுக்குத்தான் இந்த வித்த கைவந்ததாச்சே. அந்தப் புள்ள கல்யாணத்துல நான் தட்டோட நின்ன மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்களேன். போட வேணாம். நான் படிச்சுக்கிறேன்."

கேலியாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

ஒரு வாரமாக உட்கார்ந்து பார்க்கிறேன். கதை ஒன்றும் கஷ்டமில்லை. அதில் மாற்ற வேண்டிய இடமும் ஒன்றே ஒன்றுதான். அந்த இடம் ஏற்கெனவே இதே பக்கத்தில், என் பெயருக்குக் கீழே அச்சாகியிருக்கிறது.